எட்டரை பாய் போட்ட ஊரடங்கு

காஞ்சிபுரத்தில் ஊரடங்கு போடும் அதிகாரம் இரண்டு பேருக்கு உண்டு. ஒருவர் கலெக்டர். இன்னொருவர் எங்கள் எட்டரை பாய். கலெக்டர் போட்டால் நாலு பேராவது மீறிப் பார்ப்பார்கள். பாய் போட்டால் போட்டதுதான். இரவு எட்டரைக்கு மேல் எங்கள் தெருவில் மிக்ஸி ஓடாது, டிவி பேசாது, தோசைக்கல்லில் கரண்டி உரசுகிற சத்தம்கூட வாசல் தாண்டாது. இத்தனைக்கும் அவர் கையில் லத்தி கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய மஞ்சள் ஸ்கூல் வேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஆதார் கார்டில் இருக்கும். தெருவில் யாரும் கேட்டதில்லை. முதலில் 'ஏழரை' என்றுதான் பெயர் வைத்தோம். ஆனால் பிள்ளைகள் படுத்தாக வேண்டும் என்று அவர் விதித்த நேரம் எட்டரை. எனவே ஒரு மணி நேரம் தள்ளிவைத்து மரியாதை செய்தோம்.

எங்கள் தெரு பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு தறி. தறி இல்லாத வீடு என்னுடையது. என்னிடம் இருப்பது தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடையும், மனசு வைத்தால் மட்டும் ஓடுகிற ஒரு மெஷினும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பாயின் வேனில்தான் பள்ளிக்கூடம் போவார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் யாழினியும் அதில்தான்.

ஆரம்பத்தில் பாய் சாதாரணமான மனிதராகத்தான் இருந்தார். வேனில் பிள்ளைகள் தூங்கினால் அவருக்குச் சந்தோஷம். தூங்குகிற பிள்ளை சண்டை போடாது, பக்கத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறக்காது, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாது என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரை மாற்றியது என் மச்சினன் கல்யாணம்.

வரவேற்பில் யாழினி ஆடிய ஆட்டத்துக்கு மறுநாள் லீவு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தூக்கத்திலேயே யூனிஃபார்ம் மாட்டி, தூக்கத்திலேயே இட்லி ஊட்டி, தூக்கத்திலேயே வேனில் ஏற்றிவிட்டோம். அவள் கடைசி சீட்டில் படுத்து, அங்கிருந்து வழுக்கி, கீழே கிடந்த பைகளுக்கு நடுவில் போய்ச் செட்டில் ஆகிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் தங்கள் பைகளை உருவிக்கொண்டு இறங்கிப் போனார்கள். என் மகளை யாரும் உருவவில்லை. பாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஒலிமுகமதுபேட்டையில் தன் வீட்டு வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, உள்ளே போய் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஹாரன் சத்தம். தெருப் பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து உள்ளேயிருந்தே அதட்டியிருக்கிறார். ஹாரன் நிற்கவில்லை. கையில் பன்னோடு வெளியே வந்து பார்த்தால், டிரைவர் சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள் என் மகள். கதவைத் திறந்ததும், "மாமா, ஸ்கூல் எங்க போச்சு?" என்று கேட்டாளாம்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் என் கடைக்கு வந்தார். பிள்ளையை ஜெராக்ஸ் மெஷின்மேல் உட்கார வைத்தார். எனக்குக் காபி கொண்டுவந்திருந்த என் மனைவி சுமதியிடம் வேன் சாவியை நீட்டினார். அழுதுகொண்டிருந்தார்.

"பாக்காம பூட்டிட்டேம்மா. ஜன்னல் தொறந்திருந்திச்சி, அல்லா காப்பாத்தினான். இந்தா சாவி. இனிமே நான் அந்த வண்டிய தொடமாட்டேன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது உண்மை. ஆனால் எதிரே நின்று அழுகிற மனிதரை எந்த இடத்தில் ஆரம்பித்துத் திட்டுவது என்று தெரியவில்லை. சுமதி பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தாள். பிள்ளை பாயின் பன்னைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு அவள் சாவியை அவர் பக்கமே தள்ளினாள்.

"நீங்க மறைச்சிருந்தீங்கன்னா வேற மாதிரி பேசியிருப்பேன் பாய். நீங்களே வந்து சொன்னீங்க. எடுத்துக்குங்க. இனிமே ஒவ்வொரு சீட்டா பாத்துட்டு பூட்டுங்க, அது போதும்."

சாவியை வாங்கிக்கொண்டவர், போகும்போது ஒரு சபதமும் எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு பிள்ளை தன் வண்டியில் தூங்கினால் அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவாராம். ஏதோ மனசு கேட்காமல் சொல்கிறார் என்று விட்டுவிட்டோம்.

சீட்டைப் பார்த்துவிட்டுப் பூட்டினால் முடிந்துபோகிற விஷயம் என்று நீங்களும் நானும் நினைப்போம். பாய் அப்படி நினைக்கவில்லை. வண்டியில் பிள்ளை ஏன் தூங்குகிறது? வீட்டில் தூங்காததால். வீட்டில் ஏன் தூங்கவில்லை? அதைக் கண்டுபிடிக்க மறுநாள் மாலையே கிளம்பிவிட்டார்.

அவர் சோதனைக்கு வருகிற தோரணையே தனி. உட்கார மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், "பாப்பா எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. டிவி ஓடினால் அதை அணைக்கச் சொல்ல மாட்டார். அதன் முன்னால் போய் நின்றுகொள்வார். எதிர்வீட்டில் ஒரு நாள் சீரியலில் மாமியாரை மருமகள் அறையப் போகிற கட்டம். குடும்பமே இடது பக்கம் சாய்ந்து பார்த்தது, பாயும் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார்கள், அவரும் சாய்ந்தார். அறை விழுந்ததா இல்லையா என்பது அந்த வீட்டில் இன்று வரை தெரியாது.

செல்போன் விஷயத்தில் அவரிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. "பிள்ளை போனைத் தொடுவதே இல்லை பாய்" என்று சொன்னால், மேஜைமேல் கிடக்கும் போனின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஜுரம் பார்ப்பதுபோல கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "சூடா இருக்குதே" என்பார். அதற்குப் பிறகு தெருவில் சில தாய்மார்கள் அவர் வருகிற நேரத்துக்குப் போனை பிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்த கதையும் நடந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் காட்டிய உதாரணம் திருப்பருத்திக்குன்றம். வேனின் முதல் ஸ்டாப் அதுதான். அங்கே ஏறுகிற ஜைனர் வீட்டுப் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். "நயினார் வூட்டுப் புள்ளைங்கள பாரு, ஜல்தியா சாப்ட்டு ஜல்தியா படுக்குது, காலைல எப்டி பளிச்சுனு ஏறுது" என்று வீடு வீடாகச் சொன்னார். ஒன்பது மணிக்குப் பரோட்டா பார்சலோடு தெருவுக்குள் நுழைந்த ஒரு அப்பா, பாயைக் கண்டதும் பார்சலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனார். சால்னா சட்டையைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ரம்ஜான் மாதத்தில் அவர் வீட்டிலேயே விடியலுக்கு முன் அடுப்பு எரியுமே என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். நான் இரண்டாங்கிளாஸ் படிக்கிறேனா என்று பாய் திருப்பிக் கேட்டார்.

என் கடையையும் அவர் விடவில்லை. நாளைக்குக் காலை தெர்மகோலில் கோபுரம் செய்து கொண்டுவர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் இன்று மாலை சொல்வார்கள். பெற்றோர் ராத்திரி ஓடிவந்து என்னிடம் கலர் பிரின்ட் எடுப்பார்கள். பாதிப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பது என் கடைதான் என்று தீர்ப்பு சொல்லி, எட்டு மணிக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் போய் மிஸ்ஸிடம் வாதாடினார். மிஸ் என்ன நினைத்தார்களோ, தெர்மகோல் வேலைகளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

பங்குனி உற்சவத்தில் சுவாமி எங்கள் தெரு வழியாகப் புறப்பாடு வந்த ராத்திரி, பாய் முன்கூட்டியே போய் மேளக்காரர்களைப் பார்த்துவிட்டார். இந்தத் தெரு வரைக்கும் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாயனக்காரர் நல்ல மனிதர். தாலாட்டு ராகமான நீலாம்பரியே வாசித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எல்லோரும் குதித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுவாமி தூக்கிகளில் ஒருவர் மட்டும் கொட்டாவி விட்டார்.

காலையில் வேனில் ஏறுமுன் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும். கண்ணை அகலத் திறந்து காட்ட வேண்டும், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். கொட்டாவி விட்டால், ஏற்றிக்கொள்வார், ஆனால் வீட்டைப் பார்த்து "கொட்டாவி" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அந்த அவமானத்துக்குப் பயந்தே பல வீடுகளில் விளக்கை அணைத்தார்கள்.

இவ்வளவையும் நாங்கள் ஏன் பொறுத்துக்கொண்டோம் என்றால், அந்தச் சபதம்தான். பாய் வண்டியை விற்றுவிட்டால் காலை நேரத்தில் தறியை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு யார் அலைவது? அவருக்கும் அந்த வேனை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. தவிர, உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் நன்றாகவே தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். யாழினியை எழுப்ப நாங்கள் நடத்திவந்த தினசரிப் போர் நின்றுபோனது. அவளாகவே எழுந்து வந்து எங்களை எழுப்பினாள்.

அத்தோடு பாய் நிறுத்தியிருக்கலாம். எதிர்வீட்டுத் தருணால் கெட்டது. யுகேஜி படிக்கிற அந்தப் பொடியன் ஒரு வாரமாக வேனில் தூங்கிவிடாத குறையாகக் கண் சொருகினான். அவனுக்குச் சளி, மூக்கடைப்பு. அவன் அம்மா வரலட்சுமி அதைச் சொல்லியும் பாய் ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளை படுத்திருக்கிற அதே கூடத்தில் அவளும் அவள் புருஷன் முருகேசனும் பத்து, பதினொன்று வரை தறி நெய்வதை அவர் பார்த்துவிட்டார்.

"இப்டி தடக்கு தடக்குன்னு அடிச்சிக்கினு இருந்தா புள்ள எப்டிபா தூங்கும்? நானே இங்க நின்னா எனக்கு தல வலிக்குது."

முகூர்த்த சீசன். கல்யாணப் புடவைகள் தறியில் பாதியில் நிற்கின்றன. எட்டரைக்குத் தறியை நிறுத்தச் சொன்னால் யார் கேட்பார்கள்? முருகேசன் முடியாது என்றான். அவனைப் பார்த்து மற்ற நெசவாளர்களும் முடியாது என்றார்கள். பாய் சண்டை போடவில்லை. அப்படியானால் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே தெரு முழுவதும் சம்மதித்தது.

அன்று எட்டரைக்கு ஒவ்வொரு தறியாக நின்றது. நான் அந்தத் தெருவிலேயே பிறந்தவன். அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் வீட்டு பிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்பதே அன்றுதான் தெரிந்தது. பாய் தெருவை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வேன் கச்சபேஸ்வரர் கோயிலைத் தாண்டும்போது பின்னால் சண்டைச் சத்தமே இல்லை. பாய் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். திருப்பருத்திக்குன்றத்துப் பிள்ளைகள் முழித்துக்கொண்டிருந்தார்கள். யாழினி முழித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவின் தறி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். "மாமா, எல்லாரும் தூங்கிட்டாங்க" என்று யாழினி மிகுந்த உற்சாகத்தோடு தகவல் சொன்னாளாம்.

அமைதி போதவில்லை என்று முடிவு செய்த பாய், சபதத்துக்கு ஒரே ஒரு நாள் தவணை கொடுத்தார். இரண்டாம் நாள் கிறீச்சிடுகிற மின்விசிறிகளுக்கும் தடை வந்தது. அதற்கடுத்த காலையில் தருண் வேன் படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுகொண்டே தூங்கிவிட்டான்.

அன்று மாலை பாய் என் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. 'வண்டி விற்பனைக்கு' என்று கொட்டை எழுத்தில் ஒரு பிரின்ட் போடச் சொன்னார். நான் சமாதானம் சொல்லச் சொல்ல, விஷயம் தெருவுக்குள் போய்விட்டது. தறிகளை அப்படியே விட்டுவிட்டுக் கடை முன்னால் கூடிவிட்டார்கள். வரலட்சுமி தருணை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பாய், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இவன் பொறந்ததுலேர்ந்து தூளிய தறிக்குப் பக்கத்துலதான் கட்டியிருந்தேன். தூளிக் கயித்த தறியில சேத்து கட்டிடுவேன். நான் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் தூளி தானா ஆடும். தறிய நிறுத்தினா முழிச்சிக்குவான். நேத்து ராத்திரி முழுக்க உக்காந்துக்கினு, 'அம்மா, தறி போடும்மா, தூக்கம் வருது'ன்னு ஒரே அழுக."

பக்கத்திலிருந்தவர்களும் தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றார்கள். பகலெல்லாம் நெய்த அலுப்பில் பெரியவர்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட, சத்தமில்லாத இருட்டில் பிள்ளைகள் விழித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பாயிடம் சொல்லப் பயம். சொன்னால் வண்டியை விற்றுவிடுவாரே. இதைக் கேட்டதும் கூட்டம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். முருகேசன் ஓடிப் போய்த் தறியில் உட்கார்ந்தான். நாலு அடி விழுவதற்குள் தருண் அம்மாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னாலதான் தூங்கிச்சின்னே வெச்சிக்க. தூங்கிச்சா இல்லியா? சொன்ன சொல்லு சொன்னதுதான் தம்பி. நீ பிரின்ட போடு."

மெஷின் அன்று என் கட்சி. பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் அதைப் பிடுங்குவதுபோல பாவனை செய்துகொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. பாயின் மனைவி இறங்கினார். வண்டி விற்கிற சேதி அங்கேயும் போய்விட்டிருந்தது. அவர் பாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக சுமதியிடம் போனார்.

"வண்டிய விக்கறதுன்னா விக்கட்டும்மா, கஞ்சி குடிச்சிக்கலாம். ஆனா வித்தாலும் இவரு தூங்கமாட்டாரு. உன் கொழந்தய மறந்து பூட்டினாரு பாரு, அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல. நடுராத்திரில எழுந்து போயி வண்டிய தொறந்து ஒவ்வொரு சீட்டுக்கு கீழயும் குனிஞ்சி பாக்குறாரு. வந்து படுப்பாரு. திரும்பியும் எழுந்து போவாரு."

பாய், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல தரையைப் பார்த்துக்கொண்டு, "சும்மா இரு" என்று மனைவியிடம் சொன்னார். இத்தனை நாளும் அவர் டிவியை மறைத்ததையும் போனைத் தொட்டுப் பார்த்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தோம். அந்த மனிதர் கண்ணை மூட முடியாமல் கிடந்திருக்கிறார். சுமதி பாயின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரின்ட் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

கடைப் படியில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்த யாழினி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அன்று எட்டரைக்குப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, வேன் மாமாவுக்குப் போன் போட்டுத் தந்தால்தான் படுப்பேன் என்றாள். போட்டேன். பாய் எடுத்த எடுப்பிலேயே, இந்த நேரத்தில் என்ன போன், பாப்பா இன்னும் தூங்கவில்லையா என்று அதட்டினார்.

"மாமா, நான் வூட்லதான் இருக்கறேன். படுத்துக்கினேன். வண்டில யாரும் இல்ல. நீங்க தூங்குங்க."

அந்தப் பக்கம் வேன் சாவியை ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா" என்றார்.

மறுநாள் காலை வேன் வரவில்லை. ராத்திரி தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த தறி வீட்டுப் பிள்ளைகள், என் மகள் என எல்லோரும் பளிச்சென்று கண்ணை விரித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். விற்றே விட்டாரோ என்று வரலட்சுமி பதறினாள். நான் போனை எடுத்து நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மஞ்சள் வேன் தெரு திரும்பி வந்தது. தாமதமாகிவிட்டது என்று பாய் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். தலை சீவவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. முதல் மணி அடித்தபின்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். தெருவில் ஒருவர்கூட அவரை ஏன் என்று கேட்கவில்லை.

வண்டி விற்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. சோதனைகள் தொடர்கின்றன. தறிகளுக்கு மட்டும் விலக்கு. யாழினி தினமும் எட்டரைக்கு அந்த ஒரு போனைப் பேசிவிட்டுத்தான் படுக்கிறாள். சில நாள் அசதியில் முன்னாலேயே தூங்கிவிடுவாள். அன்றைக்கெல்லாம் நான் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவேன்.

"பாய், பாப்பா வூட்ல தூங்குது. நான் பாத்துட்டேன். நீங்களும் படுங்க."